அடுப்புக்கும் தராசுக்கும் நடுவே

குற்றாலத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு வருஷம் என்பது மூன்று மாசம். ஜூனில் சாரல் பிடித்ததிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி மாசங்களைத் தள்ள வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார் கூட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். அந்த மூன்று மாசமாவது நம் கணக்குக்குள் அடங்குமா என்றால் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை பேரருவியில் நிற்க இடமிருக்காது. செவ்வாய்க்கிழமை பஜார் வெறிச்சென்று கிடக்கும். மலையில் கனமழை என்றால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஐந்தருவி வரை வந்த வேன்கள் அப்படியே திரும்பிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு விற்கிறவருக்குத் தினமும் விடிந்தால் ஒரே கேள்வி. இன்றைக்கு எவ்வளவு போடுவது? குறைத்துப் போட்டால் வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கூடப் போட்டால் மூட்டை மூட்டையாகத் தேங்கி சிக்கு வாடை அடிக்கும். கார் கம்பெனிகளும் இதே கேள்விக்குத்தான் பல வருஷம் விடை தேடின. அவை கண்ட விடையைத்தான் இன்றைக்கு லீன் என்றும் கைசன் என்றும் பெயர் சொல்லிப் பயிற்சி வகுப்புகளில் நடத்துகிறார்கள். வாங்குகிறவர் எதற்காகக் காசு கொடுக்கிறாரோ அந்த வேலை தடங்கலில்லாமல் ஓட வேண்டும். அதைச் சாராத அலைச்சல், காத்திருப்பு, தேக்கம், திரும்பச் செய்வது எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். இதை ஏதோ ஒரு நாள் விசேஷமாகச் செய்துவிட்டு விட்டுவிடாமல், வேலை செய்கிறவர்களே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டே வர வேண்டும்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருஷம் இருந்தவள். இப்போது குடும்பத்தோடு தென்காசிக்கே வந்துவிட்டேன். மேலகரத்தில் அத்தான், அதாவது எங்கள் அக்கா வீட்டுக்காரர், சிறியதாக ஒரு சிப்ஸ் கம்பெனி நடத்துகிறார். குற்றாலத்தில் இரண்டு மூன்று கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்கு போகிறது. போன சீசனுக்கு முன்னால், "நீ படிச்ச படிப்ப வச்சு எனக்கு எதாவது செஞ்சு குடு" என்று கேட்டார். அவர் எதிர்பார்த்தது ஒரு புது மெஷினாக இருக்கலாம். நான் கேட்டது, ஒரு முற்பகல் முழுக்க அங்கே நிற்க அனுமதி.

டொயோட்டாவில் இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் தாயிச்சி ஓனோ. அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். புது இன்ஜினியரை மெஷின் பக்கத்தில் கூட்டிப்போய், தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இதற்குள் நின்று பார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்காக நின்ற பிறகு திரும்பி வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்பாராம். சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியதுதான். ஒரு வேலையைத் திருத்துவதற்கு முன்னால் அது நடக்கிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார். அலுவலக அறையில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பார்த்தால், சிப்ஸ் நொறுங்கியது தெரியும்; எங்கே நொறுங்கியது என்று தெரியாது.

அத்தான் கம்பெனியில் தூண் ஓரமாக நின்று நான் பார்த்தது இது. களக்காட்டுப் பக்கமிருந்து ஏத்தங்காய்த் தார் விடியுமுன் வந்து இறங்கிவிடும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, கறை பிடிக்காமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காயின் இரண்டு முனையையும் நறுக்கி, தோலில் நீளவாக்கில் கீறி உரித்து, மஞ்சள் தண்ணீரில் போடுவார்கள். எண்ணெய் காய்ந்ததும் மாஸ்டர் சீவுகிற கட்டையை வாணலிக்கு மேலே பிடித்து, காயை நேராக எண்ணெய்க்குள்ளேயே சீவுவார். சலசலப்பு அடங்கி வருகிற பக்குவம் பார்த்து உப்புத் தண்ணீரை விடுவார். எண்ணெய் ஒரு தடவை சீறி எழும்பி அடங்கும். அரிகரண்டியில் அள்ளி, வடியவிட்டு, அண்டாவில் கொட்டுவார்கள். அண்டா நிறைந்ததும் இரண்டு பேர் பிடித்து அந்தக் கோடிக்குத் தூக்கிப்போவார்கள். அங்கே தராசு, கவர், சீல் போடும் மெஷின்.

வாங்குகிறவர் காசு கொடுப்பது உரிப்பதற்கு, சீவுவதற்கு, பொரிப்பதற்கு, ஈரக்காற்று புகாமல் அடைப்பதற்கு. அன்றைக்கு நான் பார்த்த நடமாட்டத்தில் பாதி இந்த நான்கில் எதிலும் சேராது. காலையில் முதல் ஒரு மணி நேரம் மாஸ்டர் சும்மா நின்றார். மொத்தக் காயையும் உரித்துத் தீர்த்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பது வழக்கமாம். பத்து மணிக்குமேல் உரிக்கிற பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீரில் கிடந்த காய்களில் கடைசியாக எடுத்தவை நிறம் மங்கிவிட்டன. உப்புத் தண்ணீரை ஒரு ஈட்டுக்கு ஒரு குவளை விட்டார், அடுத்த ஈட்டுக்கு முக்கால் குவளை. பாக்கெட் போடுகிற இடத்தில் தனியாக ஒரு பெரிய டப்பா. நொறுங்கல் சேர்கிற டப்பா அது. மத்தியானத்துக்குள் அது நிறைந்துவிட்டது. நல்ல விலைக்குப் போக வேண்டிய சரக்கு, நொறுங்கல் என்றால் பாதி விலைக்குத்தான் போகும்.

நொறுங்கலில் இருந்து ஆரம்பித்தேன். டொயோட்டாக்காரர்களின் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு குறை தெரிந்தால் யார் செய்தது என்று கேட்க மாட்டார்கள். ஏன் என்று கேட்பார்கள். வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்பார்கள். ஐந்து தடவையாவது தோண்டிக்கொண்டு போவார்கள். மாஸ்டர், அத்தான், பெண்கள் எல்லாரையும் டப்பாவைச் சுற்றி உட்காரச் சொல்லிக் கேட்டேன்.

ஏன் நொறுங்குகிறது? "அடியில கிடக்கது நொறுங்கத்தான செய்யும்" என்றார் அத்தான். அடி ஏன் நசுங்குகிறது? அண்டா ஆழம். ஏன் அவ்வளவு ஆழமான அண்டா? ஒரே நடையில் நிறையக் கொண்டுபோகலாம். நடையை ஏன் குறைக்க வேண்டும்? பாக்கெட் போடுகிற மேசை அந்தக் கோடியில் இருக்கிறது, நடுவில் காய் கழுவுகிற ஈரத்தரை, வழுக்கும். சரி, மேசையை ஏன் அந்தக் கோடியில் போட்டிருக்கிறோம்?

இதற்கு மாஸ்டருக்கும் பதில் தெரியவில்லை, அத்தானுக்கும் தெரியவில்லை. உரித்துக்கொண்டிருந்த ஆச்சி தலையைத் தூக்காமலே சொன்னார்: "சீலு போடுத மெசினுக்கு பிளக்கு அந்தச் செவத்துலதான இருக்கு."

அந்தக் கட்டடம் முன்னால் வேறு எதற்கோ இருந்தது. அப்போது வைத்த ஒரு பிளக் பாயிண்ட், இத்தனை வருஷமாகத் தினமும் இரண்டு பேரை ஈரத்தரையில் அண்டா சுமக்க வைத்து, சரக்கையும் நொறுக்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, அடுப்புக்குச் சற்றுத் தள்ளிக் காய்ந்த பக்கத்துச் சுவரில் புதுப் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. மேசை அங்கே வந்தது. அண்டாவுக்குப் பதிலாக அகலமான தட்டுகள், அவற்றை அடுக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு. தட்டில் பரப்பியதால் சிப்ஸ் சீக்கிரம் ஆறியது. முன்பெல்லாம் அண்டாவின் நடுவில் சூடு நின்று, அந்தச் சூட்டோடு அடைத்த பாக்கெட்டில் உள்ளே வியர்த்து, இரண்டு நாளில் நமுத்துப்போகும். அந்தக் குறையும் இதனோடு தீர்ந்தது. நொறுங்கல் டப்பா இன்னும் இருக்கிறது. சாயங்காலம் வரை நிறைவதில்லை.

அடுத்தது உரிக்கிற வேலை. இதில்தான் அத்தானோடு எனக்கு நிஜமான வாக்குவாதம். இரண்டு நீல டப் வாங்கி வைத்தேன். மாஸ்டர் பக்கம் ஒன்று, உரிக்கிறவர்கள் பக்கம் ஒன்று. மாஸ்டர் தன் டப்பைக் காலி செய்து இந்தப் பக்கம் தள்ளினால்தான் இவர்கள் அடுத்ததை உரித்து நிரப்ப வேண்டும். காலி டப் வரவில்லை என்றால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். சத்தம் போட்டுக் கேட்க வேண்டாம், நோட்டு வேண்டாம். காலி டப்பே சொல்லிவிடும். டொயோட்டாவில் இதை அட்டைகளை வைத்துச் செய்தார்கள். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த இடத்தை மட்டும் திரும்ப நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து ஓனோவுக்கு வந்த யோசனை அது.

"அப்ப கூலிக்கு வந்த ஆளு கைய கட்டிக்கிட்டு இருந்தா பரவாயில்லைங்கியா?" என்றார் அத்தான். நம் ஊரில் முதலாளிகள் எல்லாருக்கும் இந்தக் கோபம் வரும். கை சும்மா இருப்பது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். தேவைக்கு முந்தி உரித்துக் குவித்த காய், தேவைக்கு மேல் பொரித்து அடுக்கிய பாக்கெட், இவை கண்ணுக்குச் சரக்காகத்தான் தெரியும். ஆனால் அதில் காய்க்காசு, எண்ணெய்க்காசு, கூலி மூன்றும் முடங்கிக் கிடக்கிறது, கெடவும் ஆரம்பித்துவிட்டது. ஓனோ ஏழு வகை விரயங்களைப் பட்டியல் போட்டவர். அதில் மிக மோசமானது தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதுதான் என்று அடித்துச் சொன்னார், ஏனென்றால் மற்ற குறைகளையெல்லாம் அந்தக் குவியல் மறைத்துவிடும். காய் குவிந்து கிடந்தவரை மாஸ்டரின் அடுப்பில் பர்னர் சரியாக எரியவில்லை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. டப் முறை வந்த மறுநாளே தெரிந்தது. காலி டப் வரத் தாமதமானது, ஏன் என்று போய்ப் பார்த்தோம்.

கத்தியைக் கீழே வைத்த நேரத்தில் பெண்கள் கவரில் தேதி முத்திரை குத்துகிறார்கள், தட்டுகளைத் துடைத்துவைக்கிறார்கள். கொஞ்சம் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார்கள், அதுவும் தேவைதான். மற்ற சின்னச் சின்னத் திருத்தங்களை நீட்ட வேண்டாம். உப்புக்கு ஓர் அளவுக் குவளை, கோடு போட்டு வைத்தாயிற்று. பாக்கெட்டுகளை ஸ்டாண்டின் பின்பக்கமாக ஏற்றி முன்பக்கமாக எடுக்கிறார்கள். பழசு முதலில் போய்விடும். கடைக்காரர்கள் சாயங்காலம் போனில் அன்றைய விற்பனையைச் சொல்கிறார்கள். அதையும் மலையில் மழை எப்படி என்பதையும் வைத்து மறுநாள் அளவை முடிவு செய்கிறோம். வாரக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவைப்பது நின்றது. தடை அறிவித்த நாட்களில் முன்பு மலைபோல் தேங்கும் சரக்கு இப்போது ஒரு நாள் சரக்கோடு நிற்கிறது.

இதெல்லாம் ஜப்பானிலிருந்து நேரே மேலகரத்துக்கு வந்துவிடவில்லை. நடுவில் சென்னை இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் நம் பக்கத்து ஊர் ஒன்றும் இருக்கிறது. எங்களுக்குத் தார் வருகிற களக்காட்டுக்குப் பக்கத்தில்தான் திருக்குறுங்குடி. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்தது அங்கே. மதுரையை மையமாக வைத்து அவர் பஸ் விட்ட காலத்தில், ரோட்டில் சிதறிக் கிடந்த லாட ஆணிகள் டயரைப் பஞ்சராக்கும். பஞ்சர் ஒட்ட ஆள் சேர்ப்பதற்குப் பதில், காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ரோட்டிலிருந்தே ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று தெற்கே இன்றும் சொல்வார்கள். டொயோட்டா கார் கம்பெனி பிறப்பதற்கு முன்பே நம் ஆள் ஒருவர் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டு ஆணி வரைக்கும் போயிருக்கிறார். இதை எங்கே சொன்னாலும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், சென்னை பாடியில் கனரக வாகனங்களுக்கான ஏர் பிரேக் தயாரித்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரத்தைப் பற்றி வகுப்பெடுத்தார். அந்த நன்றிக்கு ஜப்பானியர் 1951இல் அவர் பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். தொழிற்சாலை உலகத்தின் மிகக் கடினமான தேர்வுகளில் அது ஒன்று. 1998இல் அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. 2002இல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. இந்த இரண்டு நிறுவனங்களையும் நடத்திய வேணு சீனிவாசன் ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து, வருஷக்கணக்கில் தொழிலாளர்களோடு உட்கார வைத்ததன் பலன் அது. 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சென்னையைச் சுற்றி வரத் தொடங்கியபோது, அம்பத்தூர், பாடி, திருமுடிவாக்கம் என்று சின்னச் சின்னப் பட்டறைகள்வரை இந்தப் பழக்கம் பரவியது. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த அலையில்தான்.

பழக்கம் பரவியது, ஆனால் எல்லா இடத்திலும் வேர் பிடித்ததென்று சொல்ல மாட்டேன். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் சுவரெல்லாம் மஞ்சள் கோடும் வாசகப் பலகையுமாக இருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கு மேலேயும், குறை தெரிந்தால் இழுத்து லைனை நிறுத்த ஒரு கயிறு. ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் ஒரு பையன் விட்டம் மாறி வந்த உருப்படியைப் பார்த்துக் கயிற்றை இழுத்தான். லைன் நின்றது. அவன் செய்தது சரி. பின்னால் அளந்து பார்த்தபோது உளி தேய்ந்திருந்தது. ஆனால் உற்பத்தி எண்ணிக்கை குறைந்ததற்கு அவனைத்தான் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை யாரும் தொட்டு நான் பார்க்கவில்லை. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் தூசி தட்டுவார்கள்.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்பது நம் சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். டொயோட்டா குடும்பம் கார் செய்வதற்கு முன்னால் தறி செய்தது. சகிச்சி டொயோடாவின் 1924ஆம் வருஷத்துத் தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானாக நின்றுவிடும். அறுந்த இழையோடு ஓடி கெஜக்கணக்கில் துணி பாழாவது அதோடு போயிற்று. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. குறை தெரிந்த இடத்திலேயே நில், அதை அடுத்த ஆள் தலையில் தள்ளாதே என்ற கொள்கை அந்தத் தறியில் பிறந்தது. கார் தொழிற்சாலையில் அந்த உரிமையை மனுஷர் கையில் கொடுத்தார்கள். நிறுத்தியவரைத் தண்டிக்கிற இடத்தில் எத்தனை கயிறு கட்டினாலும் பிரயோசனமில்லை.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் இதைத்தான். வேலையைத் திருத்துகிற அறிவு அந்த வேலையைச் செய்கிறவர் கையில் இருக்கிறது. அவர் பயப்படாமல் வாய் திறந்தால்தான் அது வெளியே வரும். பிளக் பாயிண்டைச் சொன்னவர் ஆச்சி. அவருக்கு அது எத்தனையோ வருஷமாகத் தெரியும்; யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பயத்துக்கு முதல் காரணம் வேலை போய்விடுமோ என்பது. சீசன் முடிகிற சமயம் அத்தான் கணக்குப் பார்த்துவிட்டு, "இப்பம் ரெண்டு பேரு கூடுதலா இருக்காங்க போலயே" என்றார். நான் பயந்துகொண்டிருந்த பேச்சு அது. அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் பேசினோம். அத்தானுக்கு 1950ஆம் வருஷத்து டொயோட்டா கதையைச் சொன்னேன். கம்பெனி திவாலாகும் நிலை, ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலையை விட்டுப் போக வேண்டி வந்தது, பெரிய வேலைநிறுத்தம். ஆட்களை அனுப்ப நேர்ந்ததற்குப் பொறுப்பேற்று, நிறுவனர் கிச்சிரோ டொயோடா தலைவர் பதவியை விட்டு விலகினார். அந்தக் காயத்துக்குப் பிறகுதான் நிரந்தரத் தொழிலாளியை வெளியே அனுப்புவதில்லை என்ற உறுதி அங்கே வேரூன்றியது. அந்த உறுதி இருந்ததால்தான் தொழிலாளர்கள் தங்கள் வேலையையே குறைக்கிற யோசனைகளைத் தைரியமாகச் சொன்னார்கள். "ஆச்சி சொன்ன யோசனையால மிச்சமாச்சு. அதுக்கு ஆச்சியவே வீட்டுக்கு அனுப்புனா, அடுத்த சீசன்ல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க அத்தான்" என்றேன். அக்காவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கு சிப்ஸ் என்று புதிதாக ஒன்று தொடங்கி அவர்களிடம் விட்டிருக்கிறார். லீன் என்று சொல்லிக்கொண்டு ஆள் குறைக்கிற நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வருகிறது. அது கழிக்கச் சொன்னது வீண் வேலையை, வேலைக்காரரை இல்லை.

சாமான் செய்கிற இடத்துக்கு இதெல்லாம் சரி, மேசை வேலைக்கு எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் தேக்கம் கண்ணில் படாது. காய் குவிந்தால் கறுக்கும். கோப்பு குவிந்தால் நாற்றமடிக்காது. என் தோழி வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தின் பின்னாலேயே அவளைப் போகச் சொன்னேன். ஒவ்வொரு மேசையிலும் அதைக் கையில் எடுத்துப் பார்த்த நேரத்தை எல்லாம் கூட்டினால் அரை மணிகூட வரவில்லை. ஆனால் அது முடிந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆயிற்று. மிச்சமெல்லாம் டிரேயில் படுத்திருந்த காலம். அதிலும் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு நகல் இணைக்கவில்லை என்ற ஒரே காரணம். அதை மூன்றாவது மேசைக்காரர்தான் கண்டுபிடிக்கிறார். அந்தச் சரிபார்ப்பை முதல் கவுண்டருக்கே கொண்டுவந்தார்கள். என்னென்ன நகல் வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, மாதிரி விண்ணப்பம் ஒன்றையும் வாசலில் ஒட்டினார்கள். ஆலங்குளத்திலிருந்தும் கடையத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டாம். அந்த ஒரு மாற்றத்துக்கு யாரும் மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதன் உச்சத்தை நம் தெற்கத்திக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், பார்த்தது லீன் என்று தெரியாமலே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்கிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன மனுஷர். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரத்தில், குறைந்த விலையில் கொடுக்க முடிகிற மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்து, கண் அறுவைச் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று யோசித்தார். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அவர் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததில் இன்னொருவரை எல்லாம் தயார் செய்து படுக்க வைத்திருப்பார்கள். முடித்ததும் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். டாக்டர் மட்டுமே செய்ய முடிந்ததை டாக்டர் செய்கிறார். மற்ற அத்தனையும் பயிற்சி பெற்ற பெண்கள் கையில். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்து வீடுகளிலிருந்து போனவர்கள். 1992இல் மருத்துவமனையே ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரித்ததும், வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலருக்கு வந்துகொண்டிருந்த லென்ஸ் 10 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

திருநெல்வேலியில் அரவிந்த் கிளை 1988இல் வந்தது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர் அங்கே போய்த்தான் பார்வை வாங்கி வந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. அம்மாவை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் இனி என்ன நடக்கும் என்பதை அந்தப் பெண்கள் முன்கூட்டியே சொன்னார்கள். எங்கேயும் அவள் திக்குத் தெரியாமல் நிற்கவில்லை. வேகமாகச் செய்தால் கவனம் குறையும் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீண் அலைச்சலை எடுத்துவிட்டால் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்குத்தான் நேரம் கிடைக்கிறது.

சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 மார்ச் 10 அன்று லீன் திட்டத்தைப் புதுப்பித்து அறிமுகப்படுத்தியது. உத்யம் பதிவு இருந்தால் சேரலாம். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள். ஆலோசகர் வந்து வழிகாட்டுகிற செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. விசைத்தறி, தீப்பெட்டி, அரிசி ஆலை என்று நம் மாவட்டத்தில் இருக்கிற தொழில்களுக்கு இது வாகானது. ஆலோசகர் வந்தால் அவரை முதலில் ஆபீஸ் அறையில் உட்கார வைக்காதீர்கள். வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிப்போங்கள். அங்கே அதிக வருஷம் வேலை பார்த்தவரை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள்.

அத்தான் கம்பெனியில் இந்த சீசனுக்கு எடுத்திருக்கும் காரியம் எண்ணெய். மிச்சப்படுத்தலாம் என்று பழைய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காயவைப்பது பலரும் செய்கிற தவறு, அதைச் சிக்கனம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெயில் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. தாண்டினால் அது சாப்பிடுகிறவர் உடம்பைக் கெடுக்கிற எண்ணெய். அதனால் எண்ணெயை நீட்டிப்பதை விட்டுவிட்டு, எண்ணெய் ஏன் இவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருக்கிறோம். அடியில் தங்கிய தூள் கருகுவது ஒரு காரணம். ஈட்டுக்கும் ஈட்டுக்கும் நடுவே தீயைக் குறைக்காமல் விடுவது இன்னொன்று. காயைத் தண்ணீர் வடியாமல் எடுத்துச் சீவுவதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது மாஸ்டரின் சந்தேகம். எண்ணெயைச் சோதிக்கிற பட்டைகள் வாங்கி வைத்திருக்கிறோம். எந்த மாற்றத்துக்கு என்ன ஆகிறது என்று அவரே சுவரில் தொங்கும் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். காயை வடியவிட ஓட்டை போட்ட தட்டு ஒன்றை இலஞ்சியில் பட்டறைக்காரரிடம் செய்யச் சொல்லியிருக்கிறார் அத்தான், ஆச்சி சொன்ன அளவில்.